சொம்பு சிந்தாத வண்டி

மாமா அந்த வண்டியை வாங்கி வந்தபோது எங்கள் வீட்டில் ஒருவர்கூடப் பாராட்டவில்லை. கார் என்றால் பின்னால் டிக்கி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்பது சூலூரில் அன்றைக்கு இருந்த நம்பிக்கை. மாமாவின் ஸ்டேஷன் வேகனோ கூரையை நீளமாக இழுத்துக்கொண்டுபோய், கடைசியில் சுவர்போலச் செங்குத்தாக இறங்கியது. பின்சீட்டை மடித்தால் ஓர் ஆள் காலை நீட்டிப் படுக்கலாம். "இதுல பொணத்தத்தான் ஏத்தோணும்" என்று அப்பா சொன்னார். மாமா அம்மாவின் ஒரே தம்பி என்பதால் அம்மா அன்று அப்பாவுக்கு இரண்டாவது தோசை வைக்கவில்லை.

வண்டி வாங்கி ஒரு வருடம் கழித்து நான்கு அட்டைப்பெட்டிகள் மாமாவின் லேத் பட்டறைக்கு வந்தன. உள்ளே இருந்தவற்றுக்குக் காயிலோவர் என்று பெயர். ஷாக் அப்சார்பரும் ஸ்பிரிங்கும் ஒன்றுக்குள் ஒன்றாகச் சேர்ந்தே வரும். தண்டில் மரை வெட்டியிருக்கும், அதில் ஒரு வளையம் ஓடும். வளையத்தைக் கொக்கி ஸ்பானரால் மேலே திருகினால் வண்டி உயரும், கீழே திருகினால் தாழும். நுனியில் ஒரு சின்னக் குமிழ் உண்டு. அதைத் திருகத் திருக டிக், டிக் என்று முப்பத்திரண்டு முறை சத்தம் கேட்கும். ஒவ்வொரு டிக்குக்கும் வண்டி கொஞ்சம் விறைக்கும், மறுபக்கம் திருகினால் இளகும். பந்தய வண்டிக்காரர்கள் போடுகிற சாமான் இது. மாமா இரண்டு நாள் லேத்தை நிறுத்திவிட்டு, வண்டியை முட்டுக்கட்டைகளில் ஏற்றி, பழைய ஸ்பிரிங்குகளைக் கழற்றி இதை மாட்டினார். பெட்டியில் எழுதியிருந்த அளவிலேயே முதலில் மாட்டியதால் வண்டி தரையோடு தரையாக உட்கார்ந்துவிட்டது. எங்கள் தெரு வேகத்தடையில் வயிறு உரசி நின்றதை அக்கம்பக்கத்தார் எல்லாரும் பார்த்தார்கள். மாமா ரேசுக்குப் போகிறார் என்று அப்பா ஊரெல்லாம் சொன்னார். நானும் சொன்னேன், பதினொரு வயதில் அப்பாவின் கிண்டலைத் திருப்பிச் சொல்வதைவிடப் பெரிய சுகம் எனக்கு வேறு இல்லை. மாமா சிரித்துக்கொண்டே இருந்தார்.

அக்காவைக் கட்டிக்கொடுத்தது வெள்ளகோவிலில். பெட்டிகள் வந்து நான்கைந்து மாதம் கழித்து அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான் என்பது எங்கள் பக்கத்தில் மாறாத வழக்கம். ஆனால் அங்கே பார்த்த டாக்டரம்மா, நஞ்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, உதிரம் பட்டால் தாய்க்கும் ஆபத்து பிள்ளைக்கும் ஆபத்து, சீக்கிரம் பெரிய ஆஸ்பத்திரி பக்கத்தில் இருக்கிற மாதிரி கோயமுத்தூர்ப் பக்கம் கொண்டுபோய்விடுங்கள் என்று சொல்லிவிட்டார். படுத்தபடியே போக வேண்டும், குலுங்கவே கூடாது. ஆம்புலன்ஸ் வைக்கலாமா என்று அப்பா கேட்டார். "நல்ல காரியத்துக்கு ஆம்புலன்ஸ் எதுக்குங்க, தம்பி வண்டி இருக்குதல்லொ" என்று அம்மா சொன்னபோது அவள் குரல் அப்பாவை அடக்கிவிட்டது. மாமா அந்த இடத்திலிருந்து எழுந்து பட்டறைக்குப் போய்விட்டார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். வண்டிக்குள் மெத்தை விரித்திருந்தது. நான்தான் அக்கா. நான் படுத்துக்கொள்ள வேண்டும், என் எடை போதாது என்று பக்கத்தில் இரண்டு அரிசி மூட்டைகள். முன்சீட்டில் அம்மாவுக்குப் பதிலாக ஒரு சிமென்ட் மூட்டை. ஒன்று போதாது என்று அப்பா திருத்தம் சொன்னார். என் வயிற்றுக்கு நேராக, ஒரு தாம்பாளத்தின் நடுவில் விளிம்புவரை தண்ணீர் ஊற்றிய பித்தளைச் சொம்பு. தறிக்குடோன் வீதியில் வரிசையாக நான்கு வேகத்தடைகள் இருந்தன. நான்கையும் தாண்டியதும் தாம்பாளத்தில் சிந்திய தண்ணீரை நான் இருமல் மருந்து மூடியில் அளந்து, கணக்கு நோட்டில் எழுத வேண்டும். முன்னால் எத்தனை டிக், பின்னால் எத்தனை டிக், எத்தனை மூடித் தண்ணீர். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் மாமா இறங்கி, சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டுக் குமிழைத் திருகுவார், சில சமயம் வண்டியைத் தூக்கி வளையத்தையும் திருகுவார். விறைப்பாக வைத்தால் தண்ணீர் எகிறியது. ரொம்ப இளக்கினால் தடையைத் தாண்டிய பிறகும் வண்டி தொட்டில்போல ஆடி, ஆட்டத்தில் சிந்தியது.

"சைபர் வந்தா பேக்கரிக்குப் போலாம் அம்மணி" என்று மாமா சொல்லியிருந்தார்.

அந்த வாக்குறுதிதான் எல்லாவற்றையும் கெடுத்தது என்று சொன்னால் என் பங்கைக் குறைத்துச் சொல்வதாகிவிடும். ஒன்பதாவது ஓட்டத்தில் அரை மூடி வந்தது. அதற்குக் கீழே அது இறங்கவே இல்லை. பதினான்காவது ஓட்டத்தில் மாமா இன்னும் இளக்கிப் பார்த்தார். எனக்கு முதுகு வலித்தது, வெயில் கண்ணாடி வழியாக நேராக முகத்தில் அடித்தது. தாம்பாளத்தைப் பார்த்தேன். ஒன்றரை மூடியாவது இருக்கும். மாமா இறங்கிச் சுற்றி வருவதற்குள் தாம்பாளத்தை வாயில் வைத்து உறிஞ்சினேன், பாவாடையால் துடைத்தேன், நோட்டில் பெரிய சைபர் போட்டேன்.

மாமா அந்தச் சைபரை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு என் தலையில் கை வைத்தார். எனக்கு இரண்டு ஹனி கேக்கும் ஒரு தேங்காய் பன்னும் கிடைத்தன. அவர் டீ மட்டும் குடித்தார். நான் வெட்கமில்லாமல் மூன்றையும் தின்றேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த நாள் காலை அம்மா, மாமா, நான் மூவரும் வெள்ளகோவில் போய்ச் சேர்ந்தோம். அக்காவைக் கட்டிலோடு தூக்கிவந்து மெத்தையில் கிடத்தினார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அப்போது அக்காவின் மாமியார் உள்ளேயிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவரச் சொன்னார். இரண்டு மூட்டை தேங்காய், ஒரு மூட்டை அரிசி, எண்ணெய் டின், ஒரு வாழைத்தார், கட்டுக் கட்டாக முருங்கைக்காய். பிரசவத்துக்குப் போகிற மருமகளை வெறுங்கையோடு அனுப்பினார்கள் என்ற பேச்சு அந்த வீட்டுக்கு வரக் கூடாது.

"பாரம் ஆகாதுங்கக்கா, வண்டிய அளவு பார்த்து வெச்சிருக்கேனுங்க" என்று மாமா மாமியாரிடம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

"ஏனுங்க தம்பி, அம்மாம் பெரிய வண்டி, நாலு மூட்டைக்கு நோகுமுங்களா?"

எங்கள் பக்கத்துப் பேச்சில் மரியாதைக்குக் குறைவே கிடையாது. ஒவ்வொரு சொல்லுக்கும் பின்னால் ஒரு 'ங்க' காவல் நிற்கும். ஆனால் சம்பந்தி வீட்டில் கொடுப்பதை வேண்டாம் என்று சொல்ல அந்தப் பேச்சில் வழியே இல்லை. மாமா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தாள். மூட்டைகள் அக்காவின் காலடியில் ஏறின. கடைசியில் மாமியார், "நானும் வாரேனுங்க சம்பந்தி, புள்ளைய ஒரு எட்டு கொண்டுவந்து உட்டுப்போட்டு வந்தர்றேன்" என்று மூட்டைகளுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். மாமா குனிந்து பின்சக்கரத்துக்கும் மேல் தகட்டுக்கும் நடுவில் விரலை வைத்துப் பார்த்தார். காலையில் நான்கு விரல் நுழைந்த இடத்தில் இப்போது ஒரு விரல்தான் நுழைந்தது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

காங்கேயம் வரைக்கும் ரோடு நன்றாக இருந்தது. நான் அக்காவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன். வண்டி பின்பக்கம் அமுங்கி, மூக்கைத் தூக்கிக்கொண்டு படகுபோல ஆடியது. ஊரைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்கு முன்னால் வேகத்தடை வந்தது. மாமா நடக்கிற வேகத்துக்குக் குறைத்தார். முன்சக்கரம் ஏறி இறங்கியது தெரியவே இல்லை. பின்சக்கரம் இறங்கும்போது அடியில் சம்மட்டியால் அடித்தது போல டொக்கென்று ஒரு அடி. மெத்தை தூக்கிப் போட்டது. அக்கா கத்தவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்தாள், அவ்வளவுதான். அவள் விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன.

என் வாய்க்குள் அந்தத் தாம்பாளத் தண்ணீரின் பித்தளை ருசி திரும்பி வந்தது. மூட்டைகளின் பாரம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் குடித்த ஒன்றரை மூடித் தண்ணீர்தான் அக்காவின் முதுகில் இடிக்கிறது என்று உறுதியாக நம்பினேன். அடுத்த தடையிலும் ஒரு டொக். மாமியார் அவிநாசியப்பரைக் கூப்பிட ஆரம்பித்தார். அம்மா திரும்பிப் பார்த்து, "உதிரம் பட்டுச்சா கண்ணு?" என்று அக்காவிடம் ரகசியமாகக் கேட்டாள். அக்கா இல்லையென்று தலையாட்டினாள். இன்னும் பல்லடம் தாண்ட வேண்டும். எத்தனை தடைகள் இருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன், எண்ணிக்கை முடியவில்லை. சொன்னால் என்னைக் கொன்றுவிடுவார்கள். சொல்லாவிட்டால் அக்கா செத்துவிடுவாள். இந்த இரண்டுக்கும் நடுவில் மூன்றாவது தடையும் வந்து போனது.

"மாமா, நிறுத்துங்க மாமா! தண்ணி சிந்துச்சுங்க. நான் குடிச்சுப்போட்டேன். அது சைபர் இல்லீங்க!"

மாமா ஒரு டீக்கடை ஓரமாக வண்டியை நிறுத்தினார். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், ஹனி கேக்கையும் சேர்த்துச் சொன்னேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை. பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. கண்ணைத் திறந்தபோது மாமா தேங்காய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடை பெஞ்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்து அடுத்த மூட்டை. பிறகு டின், வாழைத்தார். "டேய், சம்பந்தி சாமான்டா" என்று அம்மா பதறினாள். முருங்கைக்காய்க் கட்டையும் இறக்கிவிட்டு, மாமா மாமியார் முன்னால் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"மன்னிச்சுக்கோங்கக்கா. நீங்களும் எறங்கோணுமுங்க."

அப்படியொரு வார்த்தையை அதற்கு முன்னும் சரி, பின்னும் சரி, எங்கள் வீட்டில் யாரும் ஒரு சம்பந்தியிடம் சொன்னதில்லை. மாமியாரின் முகத்தில் ரத்தமே இல்லை. அவர் மாமாவை நேராகப் பார்த்தார். அம்மா வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு அவர் சேலையைச் சரிசெய்துகொண்டு இறங்கிப் போய், தன் மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"நெசத்தச் சொல்லு அம்மணி. கம்மியா சிந்துனது எது?"

கணக்கு நோட்டு என் பையில்தான் இருந்தது. ஒன்பதாவது ஓட்டம். முன்னால் பதினொன்று, பின்னால் பதினேழு, அரை மூடி. மாமா சட்டையோடு மண்ணில் மல்லாந்து படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டார். டிக், டிக் என்று எண்ணிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்தினார். மறுபடி முதலிலிருந்து எண்ணினார், மறுபடியும் தவறவிட்டார். என்மேல் உள்ள கோபத்தில் எண்ணிக்கை தவறுகிறது என்று நினைத்துக்கொண்டேன். அவர் எண்ணுவது நிற்கும் என்ற பயத்தில் நானே சத்தமாக எண்ண ஆரம்பித்தேன். நான் ஒன்று என்றால் அவர் ஒரு டிக், இரண்டு என்றால் இன்னொன்று. நான்கு சக்கரத்துக்கும் அப்படித்தான் வைத்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் எல்லாரும் எழுந்து நின்று பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு சூலூர் வரைக்கும் டொக் கேட்கவில்லை. ஒவ்வொரு தடையிலும் வண்டி மெல்ல எழுந்து, மெல்ல இறங்கி, உடனே அடங்கியது. நான் அக்காவின் வயிற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பல்லடம் தாண்டியதும் அக்கா தூங்கிவிட்டாள். அவள் செத்துப்போய்விட்டாள் என்று நான் அலறியதில் விழித்துக்கொண்டு என்னைத் திட்டினாள்.

ஆறு வாரம் கழித்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண்குழந்தை பிறந்தது. அழுத்தமான குரல். மாமியார் வந்திருந்தார். எல்லாரிடமும் பேசினார், மாமாவிடம் மட்டும் பேசவில்லை. குழந்தையைத் துணியில் சுற்றி எடுத்துவந்தபோது மாமாவைக் காணோம். தேடிக்கொண்டு போனால் வாசலில் நின்ற வேகனுக்குள், ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். பெரிய ஆள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. கதவைத் திறந்து பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, எனக்குத் தெரிந்த ஆறுதலைச் சொன்னேன். "அந்த அத்தை பேசலீன்னா போகுதுங்க மாமா. தேங்கா மூட்டைய எறக்குனதுக்கு இத்தன நாளா கோவிச்சுக்குவாங்க?" மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஆமாம் என்று சிரித்தார்.

எனக்குக் கல்யாணம் பேசுகிற வயதில்தான் அம்மா சொன்னாள். அந்தக் குழந்தை பிறந்ததற்கு முந்தின வருடமும் அக்கா உண்டாகியிருந்தாள், மூன்றாம் மாதம். அவிநாசித் தேர் பார்க்க வேண்டும் என்று அவள் ஆசைப்பட்டதால், மாமா அதே வேகனில் கூட்டிப்போய்த் திரும்பக் கொண்டுவந்துவிட்டார். மூன்றாவது நாள் கலைந்துவிட்டது. பயணத்தால் அல்ல என்று டாக்டரம்மா திருத்தமாகச் சொன்னார். அக்காவுக்கு அப்போது காய்ச்சல் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அக்கா மறுபடி உண்டாகியிருக்கிறாள் என்று சேதி வந்த வாரம்தான் அந்த நான்கு அட்டைப்பெட்டிகளும் பட்டறைக்கு வந்தன. ஆம்புலன்ஸ் வைத்தால் தம்பிமேல் பழி போட்டதாக ஆகிவிடுமே என்று அம்மா பயந்திருக்கிறாள். மாமா ஓட்டுவதை நம்பாமல், பக்கத்தில் இருந்தே ஆக வேண்டும் என்று மாமியார் ஏறி உட்கார்ந்திருக்கிறார். அவரையும்தான் மாமா இறக்கிவிட்டார்.

தேர் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டிலும் சரி, அவர்கள் வீட்டிலும் சரி, மாமாவிடம் யாரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது மரியாதை என்று எல்லாரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள்.