பீடத்தை விட்டு இறங்கிய கம்ப்யூட்டர்

போன வருஷம் ஆடி மாதத்தில், எனக்குக் கண் போகப் போகிறது என்று நானே முடிவு கட்டிவிட்டேன். டாக்டர் சொல்லவில்லை, ஜோசியர் சொல்லவில்லை. மத்தியானம் மூன்று மணியானால் கம்ப்யூட்டரில் இருக்கிற எழுத்தெல்லாம் இரட்டை இரட்டையாகத் தெரிந்தது. ஒரு பிடி மணலை அள்ளிக் கண்ணில் போட்டதுபோல் உறுத்தியது. அது போதாதா எனக்கு? விரலில் முள் குத்தினாலே கத்தித் தெருவையே கூட்டிவிடுகிற ஆள் நான். ஆனால் இதை மட்டும் யாரிடமும் மூச்சு விடவில்லை.

காரணம் என் வேலை. மகளைக் கோயம்புத்தூர் ஹாஸ்டலில் சேர்த்துவிட்டு வந்த பிறகு, நாற்பத்து மூன்று வயதில், எனக்கே எனக்கென்று கிடைத்த முதல் வேலை அது. எங்கோ அமெரிக்காவில் ஒரு டாக்டர், தான் பார்த்த நோயாளியைப் பற்றிப் பேசிப் பதிவு செய்வார். அதை மிஷினே எழுத்தாக மாற்றிவிடும். டாக்டரின் குரலைக் காதில் வாங்கிக்கொண்டே, மிஷின் எழுதியதை வரி வரியாகப் பார்த்துத் திருத்த வேண்டும். காரைக்குடியில் என் வீட்டு ரூமில் உட்கார்ந்துகொண்டு, காலை ஏழு மணியிலிருந்து சாயங்காலம் நாலு மணிவரை, முகம் தெரியாதவர்களின் முட்டி வலியையும் நெஞ்சு வலியையும் நான் சரிபார்த்தேன். நினைத்தாலே எனக்குப் புல்லரிக்கும். இருபது வருஷம் பெட்டியில் கிடந்த என் பட்டப்படிப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டதே!

அந்த வேலையில்தான் ஒரு புள்ளியைத் தவறவிட்டேன். ஒன்று புள்ளி ஐந்து மில்லிகிராம் என்று இருக்க வேண்டியது பதினைந்து என்று போய்விட்டது. எனக்கு மேலே சரிபார்ப்பவர் பிடித்துவிட்டதால் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான்தான் அன்றைக்கு முழுக்க ஒவ்வொரு வரியையும் மூன்று தரம் படித்தேன். பத்தே நாளில் இன்னொரு புள்ளி. சென்னையிலிருந்து எங்களை மேற்பார்வை செய்கிற பெண் போன் பண்ணினாள். என் மகளைவிட நாலைந்து வயதுதான் மூத்தவளாக இருப்பாள். இன்னும் ஒரு தப்பு வந்தால் வேலையை விட்டு எடுக்க வேண்டியிருக்கும், மூன்று மாதம் தப்பில்லாமல் ஓட்டிவிட்டால் நிரந்தரம் என்று தன்மையாகவே சொன்னாள். நானும் தன்மையாகச் சரி என்றேன். போனை வைத்துவிட்டுக் குளியலறையில் போய் அழுதேன்.

பிறகு வைத்தியம் ஆரம்பமானது. வெள்ளரிக்காயை வட்டமாக நறுக்கிக் கண்ணில் வைத்தேன். உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வழுக்கி விழப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு கடைக்காரன், இதைப் போட்டால் கம்ப்யூட்டர் வெளிச்சம் கண்ணில் ஏறாது என்று சொல்லி ஒரு நீலக் கண்ணாடியைத் தலையில் கட்டினான். அதைப் போட்டுக்கொண்டு பார்த்தால் மூன்று மணிக்கு எழுத்து நீலமாக இரட்டையாகத் தெரிந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைசியில், பல்வலி என்று வீட்டுக்காரரிடம் பொய் சொல்லிவிட்டு, செக்காலை ரோட்டில் இருக்கிற ஒரு கண் டாக்டரம்மாவிடம் ஆட்டோ பிடித்துப் போனேன். அவர் சொட்டு மருந்து விட்டார், விளக்கடித்துப் பார்த்தார், எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னார். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. அப்போதுதான், எப்படி உட்கார்ந்து வேலை பார்ப்பீர்கள், உட்கார்ந்து காட்டுங்கள் என்று கேட்டார். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, தாடையைத் தூக்கி, சுவரில் கடிகாரம் மாட்டியிருந்த இடத்தைப் பார்த்தேன்.

டாக்டரம்மா சிரித்துவிட்டார். "அவ்வளவு உயரத்துலயா வச்சிருக்கீங்க? சாமி படமா அது?"

நான் அசடு வழிந்தேன். ஏனென்றால் கிட்டத்தட்ட அப்படித்தான்.

என் வீட்டுக்காரர் ஆசாரி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் அலமாரி, அடுப்படி மேடை எல்லாம் செய்து கொடுக்கிறவர். கை வேலை பேசும், வாய் பேசாது. எனக்கு வேலை கிடைத்த அன்று நான் வீட்டுக்குள் குதித்துக்கொண்டிருந்தபோது, "ம், நல்லது" என்றார். அவ்வளவுதான். ஆனால் அடுத்த பதினைந்து நாளும் சாயங்காலம் பட்டறையிலேயே கிடந்து, தேக்கில் ஒரு மேசை செய்துகொண்டு வந்தார். மேசை மேல் நாலு குட்டித் தூண், தூண் மேல் ஒரு பீடம், பீடத்தின் விளிம்பெல்லாம் தாமரை இதழ். கீபோர்டை மட்டும் மேசையில் விட்டு, கம்ப்யூட்டர் திரையை அந்தப் பீடத்தில் ஏற்றி வைத்தார். நான் கொஞ்சம் கீழே இருக்கலாமோ என்று இழுத்தேன். படிப்பும் சோறும் கொடுக்கிற சாமானைத் தாழ வைக்கக் கூடாது என்று முடித்துவிட்டார். எங்கள் பட்டறையில் உளிக்கும் இழைப்புளிக்கும்கூட உயரமாகத்தான் இடம். முதல் நாள் பூஜை போட்டுச் சந்தனமும் குங்குமமும் வைத்தபோது அந்த இடத்தில் கம்ப்யூட்டர் அம்சமாக இருந்ததை நான் மறுக்க முடியாது.

டாக்டரம்மா சொன்னது இதுதான். மேலே நிமிர்ந்து பார்க்கிறபோது கண் அகலமாகத் திறந்துகொள்கிறது, உற்றுப் பார்க்கிற ஜோரில் இமைப்பதும் குறைந்துபோகிறது, அதனால் கண் காய்ந்துவிடுகிறது. காய்ந்த கண்தான் எரிகிறது, மங்குகிறது. கம்ப்யூட்டரின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராகவோ சற்றுக் கீழேயோ இருக்க வேண்டும், ஒரு கை நீளம் தள்ளி இருக்க வேண்டும், ஃபேன் காற்று முகத்தில் அடிக்கக் கூடாது. இருபது நிமிஷத்துக்கு ஒருதரம், இருபது அடிக்கு அப்பால் எதையாவது இருபது விநாடி பார்க்க வேண்டும். அடிக்கடி இமைக்க வேண்டும். இவ்வளவுதானா? இதற்கா நான் மூன்று வாரம் செத்துப் பிழைத்தேன்? ஆட்டோவில் திரும்பும்போது வழி நெடுக இமைத்துக்கொண்டே வந்தேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில் ஒரு மாதிரியாகப் பார்த்தார். பார்க்கட்டும் என்று இன்னும் நாலு தரம் இமைத்தேன்.

மறுநாள் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பியதும் கம்ப்யூட்டரை இறக்கி மேசை மேல் வைத்தேன். ஃபேனை நிறுத்திவிட்டு டேபிள் ஃபேனை முதுகுப் பக்கம் திருப்பினேன். போனில் இருபது நிமிஷத்துக்கு ஒரு மணி அடிக்க வைத்தேன். அடிக்கும்போதெல்லாம் ஜன்னல் வழியாக எதிர்வீட்டு மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். நாலாம் நாள் மூன்று மணிக்கு எழுத்து ஒற்றையாக, கோலப்புள்ளி வைத்த மாதிரி கறுப்பாக நின்றது. "தெரியுது!" என்று தனியாக வீட்டில் கத்தினேன். காதில் பேசிக்கொண்டிருந்த அமெரிக்க டாக்டருக்கு மட்டும் கேட்டிருந்தால் பயந்திருப்பார்.

நாலு மணிக்கு வேலை முடிந்ததும் மறுபடியும் கம்ப்யூட்டரைத் தூக்கிப் பீடத்தில் ஏற்றிவிடுவேன். சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். சண்டை என்றால் நான் சளைத்தவள் இல்லை. ஆனால் அந்தத் தாமரை இதழைப் பார்த்தால் வாய் வரவில்லை. வாயால் ஒரு வார்த்தை பாராட்டாத மனிதர், பதினைந்து நாள் செதுக்கிச் சொன்ன பாராட்டு அது. அதைப் போய் எப்படிக் கோணல் என்று சொல்வது? ஒரு மாதம் இப்படியே இறக்கி ஏற்றி ஓட்டினேன். உற்சவருக்குக்கூட வருஷத்தில் சில நாள்தான் புறப்பாடு. இதற்குத் தினமும் ரெண்டு வேளை.

புரட்டாசியில் மாட்டிக்கொண்டேன். மரம் வந்து சேரவில்லை என்று அவர் மூன்று நாள் வீட்டிலேயே இருந்தார். கம்ப்யூட்டர் பீடத்திலேயே இருந்தது. மூன்றாம் நாள் மறுபடியும் மணல், மறுபடியும் இரட்டை. ஒரு ரிப்போர்ட்டை அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்துவிட்டேன். என்னவோ தோன்றி, எழுத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், அங்கே புள்ளி இல்லை. புள்ளியை வைத்துவிட்டு மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். அது போயிருந்தால் மூன்றாவது.

மறுநாள் காலையில் அவர் வெளியே போனதும் ஆத்திரத்தோடு கம்ப்யூட்டரை இறக்கினேன். காலியான பீடத்தில் தண்ணீர்ச் செம்பும் ஊறுகாய் பாட்டிலும் வைத்தேன். பதினோரு மணிக்கு வாசலில் பேச்சுக் குரல். அவர் ஒரு செட்டியார் வீட்டு ஆச்சியைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிற மகனுக்கு மேசை செய்ய வேண்டுமாம், மாதிரி பார்க்க வந்திருக்கிறார்கள். அவர் பெருமையாகக் கையை நீட்டிய இடத்தில் ஊறுகாய் பாட்டில் நின்றது.

அவர் முகம் சுண்டிப்போனது. செம்பையும் பாட்டிலையும் எடுத்துவிட்டுக் கம்ப்யூட்டரை மேலே ஏற்றினார். ஆச்சி என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தார்கள். அண்ணாந்து பார்த்தார்கள். "ஏத்தா, இதென்ன, கோபுரத்தப் பாக்குற மாதிரியில்ல இருக்கு? நீ எப்புடித்தான் நாள் பூரா உக்காந்திருக்கே?" என்று என்னிடம் கேட்டார்கள்.

நான் அவரைப் பார்க்கவில்லை. ஆச்சியைப் பார்த்தே சொன்னேன். "முடியல ஆச்சி. கண்ணு எரியுது. இவுக இல்லாத நேரம் கீழ எறக்கி வச்சுத்தான் பாக்குறேன்."

ஆச்சி போன பிறகுதான் கச்சேரி. அந்நிய மனுஷிக்கு முன்னால் என்னைக் கேவலப்படுத்திவிட்டாய் என்றார். நான் விடவில்லை. டாக்டரம்மாவிடம் போனது, பல்வலிப் பொய், இரண்டு புள்ளி, மூன்றாவது புள்ளி, சென்னைப் பெண் சொன்ன கெடு எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன். இந்த வேலை போனால் எனக்கு வேறு எதுவும் இல்லை என்றேன். அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சாயங்காலம் வந்தார். பையிலிருந்து ஸ்குரூ டிரைவரை எடுத்தார். நாலு தூணையும் கழற்றிப் பீடத்தைத் தூக்கி ஓரமாக வைத்தார். கம்ப்யூட்டரை மேசையில் வைத்து, இன்னும் தள்ளவா, இன்னும் சாய்க்கவா என்று கேட்டுக் கேட்டு நகர்த்தினார். மேசையின் பாலிஷ் பளபளப்பு கண்ணைக் கூசுகிறது என்றதும் உப்புத்தாளைப் போட்டு அந்தப் பளபளப்பையும் தேய்த்து எடுத்தார். 

அதற்குப் பிறகு தப்பே வரவில்லை. ஐப்பசி கடைசியில் அந்த மெயில் வந்தது. நிரந்தரம் செய்துவிட்டார்கள். நான் கத்திய கத்தலில் எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மா எட்டிப் பார்த்தார். பால் பாயசம் வைப்பதற்காக அடுப்படிக்கு ஓடினேன். அவர் வந்து அடுப்படி வாசலில் நின்றார். விஷயத்தைச் சொன்னேன். வழக்கம்போல ஒரு "ம்" வரும் என்று பார்த்தேன், வரவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தா, இது என்ன பலகை?" என்றார்.

"நின்னு சமைக்கத்தான். மேடை ஒசரமால்ல இருக்கு?"

அந்த மேடை, கல்யாணமாகி நான் வருவதற்கு முன்னாலேயே, என் மாமியாரின் உயரத்துக்கு அவரே போட்டது. மாமியார் நல்ல வளர்த்தி. நான் வந்த மூன்றாம் நாளே ஒரு மணைப்பலகையைப் போட்டு ஏறி நின்றுகொண்டேன். பிறகு அதை நானே மறந்துபோனேன். இருபது வருஷம் ஆகிவிட்டது.

"பாத்திரம் கவுக்க நீ போட்டிருக்கிறதா நெனச்சுக்கிட்டிருந்தேன்" என்றார். குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தார். "ஊர்ல உள்ள ஆச்சிகளுக்கெல்லாம் முழங்கை ஒசரம் எடுக்காம நான் மேடை போட்டதில்ல. எறங்கு, அளக்கணும்."

இறங்கினேன். தரையிலிருந்து என் முழங்கை வரைக்கும் டேப்பைப் பிடித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துச் சுவரில் ஒரு கோடு போட்டார். எழுந்திருக்காமல் அங்கேயே குத்தவைத்திருந்தார். அண்ணாந்து என்னைப் பார்த்தார், கண் கலங்கியிருந்தது.

"வேற எதெது ஒனக்கு ஒசரமா இருக்கு? இப்பவே சொல்லிப்புடு."

துணி காயப்போடுகிற கொடியிலிருந்து ஆரம்பித்தேன்.