முப்பத்திரண்டு வினாடி தள்ளி ஓர் ஆமென்

அந்த ஆலயத்தில் அவளுக்குப் பெயரே ஆமென் அக்காதான். போதகர் ஜெபத்தை முடித்தால் முதல் ஆமென் அவள் வாயிலிருந்துதான் விழும். மற்றவர்கள் அதைப் பிடித்துக்கொண்டு பின்னால் வருவார்கள். ஒருமுறை ஜெபத்தின் நடுவே போதகர் இருமுவதற்காக நிறுத்தினார். இவள் போட்டாளே ஓர் ஆமென்! நூறு பேர் கொண்ட சபை மொத்தமும் பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. மீதி ஜெபத்தைக் கர்த்தரிடம் தனியாகச் சொல்லிக்கொள்கிறேன் என்றார் போதகர்.

வாரத்தில் ஆறு நாள் பள்ளிச் சீருடை தைப்பவள் அவள். தைத்த சட்டைகளை மூட்டையாகத் தூக்கிக்கொண்டு இறங்கும்போது படியில் சறுக்கி முழங்கால் உடைந்தது. வீடு மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. நான்கு மாதத்துக்குப் படிக்கட்டுப் பக்கமே தலைவைத்துப் படுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அவள் கணவர் அச்சகத்தில் வேலை பார்ப்பவர். ஞாயிற்றுக்கிழமை அவளை ஆலய வாசலில் இறக்கிவிட்டு, எதிர்க் கடையில் டீயும் செய்தித்தாளுமாக உட்கார்ந்துவிடுவார். உள்ளே வந்தால் தூக்கம் வருகிறது என்பது அவர் கட்சி. ஆனால் கால் உடைந்த நாளிலிருந்து சமைப்பதும் துவைப்பதும் அவளைக் கைத்தாங்கலாக நடத்துவதும் அவர்தான். ஒரு நாள்கூட முகம் சுளிக்கவில்லை. அதை நினைத்து நினைத்து அவள் கர்த்தருக்கு நன்றி சொன்னாள். குழம்பில் உப்பு கூடியதை மட்டும் கணவரிடமே சொன்னாள்.

ஞாயிறு ஆராதனையைப் போனில் பார்க்கவும் அவரே ஏற்பாடு செய்தார். தையல் மெஷினில் போனைச் சாய்த்துவைத்தார். இரண்டு தெரு தள்ளியிருந்த ஆலயத்தின் மணி ஜன்னல் வழியாகக் கேட்டது. அது ஓய்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் போனில் அடித்தது. அவர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னார்: முப்பத்திரண்டு வினாடி.

"அப்போ நான் ஆமென் சொல்றப்போ, அங்க எல்லாரும் சொல்லி முடிச்சிருப்பாங்களா?"

"இருக்கட்டுமே. கர்த்தருக்குக் கேக்காதா?"

"அவருக்குக் கேக்கும்ங்க, அது தெரியாதா எனக்கு? அவங்களோட சேந்து சொல்லணும்."

பக்கத்தில் உட்காருகிறவளின் முழங்கை இடிப்பது, ஒரே பாட்டுப் புத்தகத்தை இருவர் பிடித்துப் பாடுவது, எல்லோரும் எழும்போது பெஞ்சுகள் போடும் சத்தம், எல்லாமே அவளுக்கு வேண்டியிருந்தது. அடுத்தடுத்த ஞாயிறுகளில் ஆமென் வரும்போது உதடு மட்டும் அசைந்தது. அவர் அதைக் கவனித்தார்.

ஏழாவது ஞாயிறு அவர் நீலச் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, "ஒரு வேலை இருக்கு. ஜெபம் முடிஞ்சதும் இன்னைக்கு வாய் விட்டுச் சொல்லு" என்று கிளம்பிப் போனார்.

போனில் போதகர் ஜெபத்தை முடித்தார். அவள் ஆமென் என்றாள். திரையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. போதகர் மூடிய கண்ணைத் திறக்கவில்லை. போன் நின்றுவிட்டதென்று அதன் முதுகில் இரண்டு தட்டுத் தட்டினாள். ஆனால் படத்தில் மின்விசிறி சுழன்றுகொண்டுதான் இருந்தது. முன்வரிசை ஓரத்தில், அவள் தைத்த நீலச் சட்டையில் ஓர் ஆள் கைக்கடிகாரத்தையே பார்த்தபடி நின்றார். அவர் கையை உயர்த்தினார். சபை முழுவதும் ஒரே குரலாக ஆமென் என்றது.

அவர் மூச்சிரைக்க மாடியேறி வரும்வரை அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"சொன்னியா?" என்றார்.

"சொன்னேன்."

"நீ இங்க சொன்ன அதே நேரத்துலதான் அங்கயும் சொன்னாங்க, போன்லதான் உனக்குப் பிந்தித் தெரிஞ்சிருக்கும். போதகர்கிட்ட போன வாரமே பேசிட்டேன். உனக்குக் கால் சரியாகுற வரைக்கும் எல்லாரும் முப்பத்திரண்டு வினாடி காத்திருந்துதான் சொல்வாங்களாம்."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நூறு பேரும் எனக்காகவா நின்னாங்க?"

"நூத்தி ஒண்ணு" என்றார் அவர்.