ஈசானி மூலையில் தொடங்கிய தார் ஷீட்

மகளின் தலைப்பிரசவத்துக்காக நாங்கள் ஒழித்து வைத்திருந்த அறை, அவள் வந்த வாரமே ஒழுக ஆரம்பித்தது. அதுவும் கட்டிலுக்கு நேர் மேலே. மொட்டை மாடியில் தார் ஷீட் ஒட்டி ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஐப்பசி மழைக்குப் பயந்துதானே ஒட்டினோம்.

மகளைக் கோச்சடையில் கொடுத்திருக்கிறோம். விஷயம் எப்படியோ அங்கே போய்விட்டது. சம்பந்தியம்மா போனில் கூப்பிட்டார்.

"சங்கடப்படாதீங்க மதினி. இங்க ரூம் சும்மாதான் கெடக்கு. சரியாகலன்னா சொல்லுங்க, வந்து கூட்டிட்டு வந்துர்றோம்."

நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்குத்தான் அன்று சோறு இறங்கவில்லை. தலைப்பிரசவத்துக்கு வந்த பிள்ளையை, வீடு ஒழுகுகிறது என்று திருப்பி அனுப்பினால் ஒத்தக்கடையில் நான் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பது? ஊர் கிடக்கட்டும். அவளுக்கு வெந்நீர் வைத்து ஊற்ற எனக்கு ஆசையாக இருந்தது. அவ்வளவுதான்.

ஷீட் ஒட்டியவருக்கு போன் போட்டேன். என் வாய் எப்படிப்பட்டது என்று தெருவுக்கே தெரியும். மூச்சு விடாமல் திட்டினேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "வாரேங்க்கா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

"நீ திட்டுன திட்டுக்கு அவரு இந்நேரம் ஊரையே காலி பண்ணிருப்பாரு" என்றார் என் வீட்டுக்காரர்.

ஆனால் மழை விடுவதற்குள் வந்து நின்றார். அறையைப் பார்க்கக்கூட இல்லை, நேராக மாடிக்கு ஏறினார். சண்டையை மிச்சம் வைக்க மனமில்லாமல் நானும் குடையோடு பின்னாலேயே போனேன். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டு நனைந்தபடி நின்றார். பிறகு குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு ஷீட் சேரும் இடத்தை விரலால் அழுத்தினார். அடியிலிருந்து தண்ணீர் கசிந்து வந்தது.

"தப்பு எம்மேலதாங்க்கா" என்றார். "எந்த வீட்டுக்குப் போனாலும் ஈசானி மூலையில சூடங் கொளுத்தி, அங்கனயே மொத ஷீட்டப் போட்டுருவேன். எல்லா வீட்லயும் தண்ணி அந்த மூலைக்குத்தான் எறங்கும். ஒங்க வீட்ல எதுத்த மூலைக்குப் போகுது. அதப் பாக்காம விட்டுட்டேன்."

உண்மைதான். வடகிழக்கில் பக்கத்து வீட்டுச் சுவர் ஒட்டி நிற்பதால், வீடு கட்டும்போதே தண்ணீர் ஓடும் வாட்டத்தை மாற்றி, தெருப் பக்கம் தென்மேற்கில் குழாய் வைத்துவிட்டோம். ஓடு வேய்வது போல, தண்ணீர் போய்ச் சேரும் பள்ளத்திலிருந்து தொடங்கி மேட்டுக்கு ஒட்டிக்கொண்டு போக வேண்டுமாம். அப்போதுதான் மேல் ஷீட்டின் ஓரம் கீழ் ஷீட்டின் மேல் படியும். இவர் மேட்டில் தொடங்கியதால் ஒவ்வொரு ஓரமும் வருகிற தண்ணீரைப் பார்த்து வாயைத் திறந்துகொண்டு இருந்தது.

நான் பார்த்தவரைக்கும் குழாய்க்காரர் கொத்தனாரைக் கைகாட்டுவார், கொத்தனார் சிமெண்டைக் கைகாட்டுவார். "ஒங்க தளம் சரியில்லக்கா" என்று இவரும் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன். அவர் சொல்லவில்லை. கீழே கூட்டிவந்து காப்பி போட்டுக் கொடுத்தேன்.

தளம் காயும்வரை அறைக்கு மேலே தார்ப்பாய் இழுத்துக் கட்டிவிட்டுப் போனார். வெயில் வந்ததும் பழைய ஷீட் முழுவதையும் பிய்த்து எடுத்தார். புது ஷீட் தன் பொறுப்பு என்று சொல்லிவிட்டார். மறுபடியும் ஈசானி மூலையில் சூடம் கொளுத்திக் கும்பிட்டார். பழையபடி அங்கேயே தொடங்கிவிடுவாரோ என்று ஓர் எட்டு முன்னால் வந்தேன். கும்பிட்டு முடித்து, சுருளைத் தோளில் தூக்கிக்கொண்டு மாடியைக் கடந்து குழாய் மூலைக்குப் போய் முதல் ஷீட்டை விரித்தார்.

"சாமிக்கு அந்த மூல, தண்ணிக்கு இந்த மூல" என்றார் என் வீட்டுக்காரர். ஷீட் ஒட்டுபவரும் சிரித்துக்கொண்டே, கையில் பிடிக்கும் கேஸ் அடுப்பைப் பற்ற வைத்து ஷீட்டுக்குச் சூடு காட்ட ஆரம்பித்தார்.

வேலை முடிந்ததும் குழாயை அடைத்து மாடி நிறையத் தண்ணீர் கட்டினார். மறுநாள் வரை ஒரு சொட்டு இறங்கவில்லை. கோச்சடைக்கு நானே போன் போட்டேன். "புள்ள இங்கனயே இருக்கட்டும் மதினி" என்றபோது என் குரல் கொஞ்சம் ஓங்கித்தான் இருந்தது.

பேத்தியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்று சாயங்காலம் மழை அடித்து ஊற்றியது. எல்லோரும் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், நான் மட்டும் அண்ணாந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது. வெளியே ஓடினேன். குழாய் வாயில் அடைத்த சருகைக் கை நிறைய அள்ளிக்கொண்டு ஷீட் ஒட்டியவர் படியிறங்கி வந்துகொண்டிருந்தார்.

"ஒழுகுதாக்கா?"

"இல்லப்பா." அவர் கையிலிருந்த சருகை வாங்கி ஓரமாகப் போட்டேன். "நீ நல்லா இருக்கணும் தம்பி. உள்ள வா, புள்ளயப் பாரு."

அவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். சட்டையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது.

"நாளைக்கு வாரேங்க்கா. புள்ள மேல ஒரு சொட்டு விழக்கூடாதுன்னுதான இம்புட்டுப் பாடு. நானே ஈரத்தோட உள்ள வந்தா எப்புடி?"