நேரே கொடுத்த வயர்

ஜி.பி.எஸ். கருவிக்கு மோட்டார் சைக்கிளிலிருந்து மின்சாரம் எடுப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. ஒரு சிவப்பு வயர், ஒரு கறுப்பு வயர், நடுவில் ஒரு பியூஸ், பன்னிரண்டு வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்க ஒரு சின்னப் பெட்டி. பழகிய கைக்கு அரை மணி நேர வேலை. அந்த அரை மணி நேர வேலையால்தான் என் அக்காவுக்கு வீடு இல்லாமல் போனது என்று சொல்பவர்கள் எங்கள் சொந்தத்தில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களோடு நான் கதைப்பதில்லை.

சுனாமிக்கு அடுத்த வருடம் அது. வெளிநாட்டு நிவாரண நிறுவனம் ஒன்றில் எனக்குக் கள வேலை. கடலிலிருந்து இருநூறு மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று மேலிடத்தில் முடிவெடுத்திருந்தார்கள். எந்தக் காணி உள்ளே, எந்தக் காணி வெளியே என்று கருவியால் குறித்துக்கொண்டு வருவது என் வேலை. வெளியே என்றால் வீடு உண்டு. உள்ளே என்றால் போய்வா என்று அர்த்தம்.

அக்காவின் வளவு தேற்றாத்தீவில், அந்தக் கோட்டுக்கு மேலேயே கிடந்தது. அத்தானைக் கடல் கொண்டுபோய்விட்டது. வீட்டில் மிஞ்சியது அத்திவாரமும் கிணறும். கிணற்றை இறைத்து இறைத்து உப்பை எடுத்து, பக்கத்தில் கொட்டில் போட்டு, மகளோடு அக்கா இருந்தா. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். கல்யாணம் முடித்த ஆண்தான் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பான். வீடில்லாத அக்காவுக்கு நிற்க ஒரு இடமில்லை, மகளுக்கு மாப்பிள்ளையும் இல்லை. அந்த வளவில் ஒரு வீடு எழும்ப வேண்டும், அக்கா கேட்டது அவ்வளவுதான்.

கருவி பென்சில் பெட்டறியைத் தண்ணீர் மாதிரிக் குடித்தது. வாவிக்கு மேற்கே, போராளிகளின் கையில் இருந்த படுவான்கரைப் பக்கமும் எனக்கு வேலை இருந்தது. ஒரு காலத்தில் பெட்டறி கொண்டுபோவதே குற்றமாக இருந்த பாதை அது. பையில் கொஞ்சம் கூடுதலாக இருந்தாலும் இறக்கி வைத்து விசாரிப்பார்கள். அதனால் நிறுவனம் தந்த மோட்டார் சைக்கிளிலேயே மின்சாரம் எடுப்போம் என்று காத்தான்குடியில் வயரிங் கடை வைத்திருந்த முஸ்லிம் அண்ணரிடம், நாங்கள் நானா என்று கூப்பிடுகிறவரிடம், போனேன்.

நானா சீற்றைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"சாவியில குடுக்கவா மனே, நேர பெட்டறியில குடுக்கவா?"

சாவியில் கொடுத்தால், சாவியைத் திருப்பினால்தான் கருவி எரியும். மற்ற ஊர்களில் அதுதான் ஒழுங்கான முறை. எங்கள் ஊரில் ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றிக்குச் சென்றி வண்டியை நிறுத்தி, சாவியை எடுத்து, இறங்கி உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஒவ்வொரு தரமும் கருவி செத்து, பிறகு வானத்தில் முதலிலிருந்து தேடத் தொடங்கும். அதோடு, ஒரு இடத்தைச் சரியாகக் குறிக்க வேண்டுமென்றால் அங்கே கருவியை நெடுநேரம் அசையாமல் எரியவிட வேண்டும். அப்போதுதான் அதன் தடுமாற்றம் குறையும்.

"நேர குடுங்க நானா," என்றேன்.

"அப்ப நீங்கதான் நினைச்சி நிப்பாட்டணும். இல்லாட்டி பெட்டறி இறங்கிரும்."

வயரைப் பெற்றோல் தாங்கிக்கு அடியால் கொண்டுபோய், வெளியில் ஒரு நூலும் தெரியாமல் கட்டித் தந்தார். அழகான வேலை.

அக்காவின் வளவைக் குறிக்கப் போன அன்று வண்டியைக் கிணற்றடியில் நிறுத்திவிட்டுக் காலை முழுவதும் கருவியை எரியவிட்டேன். அக்கா தேத்தண்ணி கொண்டுவந்து தருவதும், கருவியை எட்டிப் பார்ப்பதுமாக நின்றா. இலக்கம் ஏறி இறங்கி, கடைசியில் ஒரு இடத்தில் நின்றது. கடற்கரையில் எடுத்த புள்ளியிலிருந்து இருநூற்றேழு மீற்றர். அந்தப் புள்ளிக்கு அக்கா என்றே பெயர் வைத்துப் பதிந்தேன்.

"வெளியயா தம்பி?"

"வெளியதான் அக்கா."

அக்கா போய்க் கிணற்றுக் கட்டில் கையை வைத்துக்கொண்டு நின்றா.

பின்னேரம் கருவியை அலுவலகத்தில் ஒப்படைக்கப் புறப்பட்டேன். நகரத்துக்கு முந்திய சென்றியில் வழமைபோல் நிறுத்தி, சாவியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு உருட்டினேன். துவக்கோடு நின்ற, புதிதாக வந்திருந்த ஆமிப் பையன் என் அடையாள அட்டையைப் பார்த்தான், வண்டியைப் பார்த்தான், எரிந்துகொண்டிருந்த கருவியைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிவிட்டது.

"சாவி எடு."

கையை விரித்துக் காட்டினேன்.

"சாவி இல்ல. லைற் இருக்கு. எப்பிடி?"

சாவி எடுத்த பிறகும் உயிரோடு இருக்கிற சாமான் அந்த நாட்களில் ஒன்றே ஒன்றுதான், குண்டு. நான் வாயைத் திறப்பதற்குள் என்னைத் தரையில் குப்புறப் படுக்க வைத்தார்கள். சீற்றைக் கழற்றினார்கள். தாங்கிக்கு அடியால் மறைந்து போன வயரைக் கண்டதும், அது ஏன் மறைந்து போகிறது என்று கேட்டார்கள். அழகாக இருக்கட்டும் என்றுதான் என்று சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? இருட்டும் நேரத்தில் அலுவலகத்திலிருந்து ஆள் வந்து என்னை மீட்டார். வண்டியையும் தந்தார்கள். கருவியைப் பரிசோதனைக்கு என்று வைத்துக்கொண்டார்கள்.

அலுவலகத்தில் இருந்த வெள்ளைக்காரரிடம் இலக்கத்தைச் சொன்னேன். இன்னொரு முறை அளக்கலாம் என்றேன், நாடா பிடித்து அளந்தும் காட்டுகிறேன் என்றேன். நாடாக் கணக்கை எடுக்க முடியாது, வேறு கருவி வர நாளாகும், அதற்குள் பெயர்களை அனுப்ப வேண்டும் என்றார். பிறகு மெல்லிய குரலில், அது உங்கள் அக்காவின் காணி அல்லவா என்றும் கேட்டார். எனக்குப் பற்றி எரிந்தது. கொழும்பிலிருந்து வந்த வரைபடத்தை விரித்தார். அதில் போட்டிருந்த சிவப்புக் கோடு அக்காவின் வளவு முழுவதையும் மூடிக்கொண்டு போனது. அந்தக் கோட்டின் தடிப்பு மட்டுமே இருபது மீற்றர் இருக்கும். உள்ளே என்று எழுதினார்கள்.

அக்கா மகளையும் கூட்டிக்கொண்டு படுவான்கரையில் இருக்கிற கரடியனாற்றுக்கு, அத்தானின் தமையன் காணியில் ஒரு மூலைக்குப் போனா. புருசன் வீட்டாரின் வளவில் ஒண்டியிருப்பது எங்கள் பெண்களுக்கு எவ்வளவு பெரிய குறைச்சல் என்று வெளியூர்க்காரருக்கு விளங்காது. பிறகு அந்த இருநூறு மீற்றரையும் சுருக்கினார்கள். அதற்குள் வீடு கொடுக்கிறவர்கள் கொடுத்து முடித்துவிட்டார்கள். சண்டை திரும்பவும் மூண்டு, கடல் வராத கரடியனாற்றுக்கு ஷெல் வந்தது. சனத்தோடு சனமாக ஓடிவந்த அக்காவுக்கு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில், கடல் இரைவது கேட்கிற தூரத்தில் கூடாரம் கொடுத்தார்கள். அங்கே கூடாரம் அடிக்கலாம், வீடு மட்டும் கட்டக்கூடாது. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பும் கெட்ட வார்த்தையும் ஒன்றாக வரும். பிறகு மீள்குடியேற்றம் என்று அக்காவைத் திரும்பவும் கரடியனாற்றிலேயே கொண்டுபோய் இறக்கினார்கள்.

சண்டை முடிந்த பிறகு எங்கள் நிறுவனம் கடையைக் கட்டியது. ஓடித் தேய்ந்த வண்டியை எனக்கே விட்டுவிட்டார்கள். அதே நாட்களில், பரிசோதனை முடிந்தது என்று கருவியும் ஒரு பொலித்தீன் பையில் திரும்பி வந்தது. யாருக்கும் அது தேவைப்படவில்லை, நான் எடுத்துக்கொண்டேன். நானா கட்டிய வயர் அப்படியே இருந்தது. மாட்டினேன், எரிந்தது. அக்கா என்ற புள்ளியும் உள்ளே இருந்தது; அதைத் தெரிந்தெடுத்தால் அந்த இடம் இருக்கிற திசையை ஒரு அம்பு காட்டும்.

அடுத்த நாளே கரடியனாற்றுக்கு வண்டியை விட்டேன். அக்காவுக்கு இதைக் காட்ட வேண்டும், நான் சொன்னது உண்மை என்று ஒரு ஆளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்ற வெறி. வளவுக்குள் வண்டியை நிறுத்திச் சாவியை எடுத்தேன். அக்கா கொட்டிலுக்குள்ளிருந்து வந்து எட்டிப் பார்த்தா. தலை நன்றாக நரைத்திருந்தது.

"சாவிய எடுத்தும் எரியுதே?"

"ஓம் அக்கா. நேர குடுத்தது."

"இந்த அம்பு என்னத்தக் காட்டுது?"

"உங்கட கிணத்தடிய. இஞ்சயிருந்து முப்பது கிலோமீற்றர் சொச்சம்."

அக்கா வண்டியின் கைபிடியைப் பிடித்து மெல்லத் திருப்பினா. அம்பு திரும்பி வாவிப் பக்கமே காட்டியது. மற்றப் பக்கம் திருப்பினா. அப்போதும் அங்கேதான் காட்டியது. வாசலில் மகள் நெல் புடைத்துக்கொண்டிருந்தாள். முப்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள், இன்னும் ஒன்றும் சரிவரவில்லை. அக்கா அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கைபிடியை விட்டா.

"அத அணைச்சுப் போடு தம்பி. உன்ட பெட்டறியாவது மிஞ்சட்டும்."

அணைத்தேன். அதற்கென்று தனியாக ஒரு பொத்தான் இருந்தது. கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும்.