பதினொரு பேரில் எத்தனை அந்தோணி

பாம்பனில் எங்கள் தெருவில் நின்று "அந்தோணி" என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். மீதிப் பாதி அடுப்படியில் இருந்தபடியே, "எந்த அந்தோணிய கேக்குறீக?" என்று கேட்கும். கோவில் பீடத்தில் குழந்தை இயேசுவைக் கையில் ஏந்தி நிற்கிறாரே, அவர்தான் முதல் அந்தோணி. பிள்ளை தங்காத வீட்டில் ஒரு பிள்ளை தங்கிவிட்டால் அவர் பேர். மீன்பிடிக்கப் போய்ப் புயலில் மாட்டிய வத்தை எப்படியோ கரை சேர்ந்தால், அந்த வீட்டில் அடுத்துப் பிறக்கும் பிள்ளைக்கு அவர் பேர். ஒன்றுமே நடக்காவிட்டாலும், பக்கத்து வீட்டுக்காரன் வைத்திருக்கிறானே, நாம் வைக்காவிட்டால் அந்தோணியார் என்ன நினைப்பார் என்று அவர் பேர்.

அப்புறம் ஊர் எப்படி நடக்கும்? ஆளுக்கொரு பட்டப்பெயர்தான். திருவிழாவுக்கு பெட்ரோமாக்ஸ் வாடகைக்கு விடுகிறவர் லைட்டு அந்தோணி. இலங்கைக்குப் போய்க் கைக்கடிகாரத்தோடு திரும்பியவர் கொழும்பு அந்தோணி. அந்தக் கடிகாரம் வந்த வருஷமே நின்றுபோனது, ஆனாலும் யாராவது மணி கேட்டால் அதைப் பார்த்துத்தான் சொல்வார். கோவில் நாடகத்தில் ஏரோது ராஜா வேஷம் கட்டுகிறவர் ராஜா அந்தோணி. மற்ற நாட்களில் ராஜா ரயிலடியில் கருவாட்டு மூட்டை தூக்குவார். இவர்கள் எல்லாம் எங்கள் ஊர்ப் பிரமுகர்கள். இவர்களையும் மிஞ்சிய பிரமுகர்கள் பந்து விளையாடுகிற அந்தோணிகள். கோல் பிடிக்கிறவன் அந்தோணி. அவனுக்கு முன்னால் காவல் நிற்கிற இரண்டு பேரும் அந்தோணி. எதிராளி கோலைப் பார்த்து ஓடுகிறவர்களிலும் பாதிக்கு மேல் அந்தோணி. அந்தப் பேர் இல்லாதவனை எப்படி டீமில் சேர்த்தார்கள் என்றுதான் எனக்கு ஆச்சரியமாக இருக்கும்.

என் அத்தை, அய்யாவின் அக்கா, எங்கள் வீட்டில்தான் இருந்தாள். மாமா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே பிள்ளை, எனக்கு அத்தான். நான் கைப்பிள்ளையாக இருந்தபோது அத்தான் போன வத்தை திரும்பி வரவில்லை. கூடப் போன வத்தைகள் எல்லாம் வந்தன. கரை நெடுக ஆள்விட்டுத் தேடியும் ஒரு பலகைகூட ஒதுங்கவில்லையாம். கண்ணால் பார்க்காமல் என் பிள்ளையைச் செத்தவர்களோடு சேர்க்க விடமாட்டேன் என்று அத்தை ஒரே பிடியாக நின்றுவிட்டாள். அதனால் கல்லறைத் திருநாளில் இறந்தவர்களின் பேர்களை வாசிக்கும்போதுகூட அத்தான் பேரை வாசிப்பதில்லை. அவர் பேரும் அந்தோணிதான். வேறென்ன இருக்கப்போகிறது?

அப்போதெல்லாம் யாராவது அந்தப் பேரைச் சொன்னால் அத்தை நின்ற இடத்திலேயே சரிந்துவிடுவாளாம். அய்யா பயந்துபோய், அக்கா காதுபட அந்தப் பேரை ஒருத்தரும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். தெருவும் கேட்டுக்கொண்டது, நல்ல மனசோடுதான். அத்தை குடத்தோடு வருவது தெரிந்தால், பிள்ளையைக் கூப்பிட வாயெடுத்தவள் "ஏலே, ஏலேய்" என்பதோடு நிறுத்திக்கொள்வாள். லைட்டு அந்தோணி வெறும் லைட்டு ஆவார். கொழும்பு அந்தோணி வெறும் கொழும்பு ஆவார். என் தம்பிக்கும் கோவிலில் வைத்தது அதே பேர்தான், ஆனால் வீட்டில் அவன் வெறும் குட்டிப்பய. அத்தை தண்ணீர் எடுத்துத் திரும்பும்வரை தெருவில் பாதிப் பேருக்குப் பேரே கிடையாது. எனக்கு அது நல்ல வேடிக்கையாக இருந்தது.

அத்தை கருவாடு போட்டுப் பிழைத்தாள். மற்ற பெண்கள் எல்லாம் கடற்கரை மணலில் மீனைக் காயப்போட, அத்தை மட்டும் கோவிலுக்குப் பின்னால் பந்து விளையாடுகிற பொட்டலின் ஓரத்தில் பாயை விரித்தாள். அங்கே சாயங்காலம் ஆனால் தென்னை நிழல் விழுந்துவிடும்.

"நெழல்ல கருவாடு போடுறவுகளை நான் இப்பத்தான் பாக்குறேன் மதினி" என்றாள் அம்மா.

"அங்கன காக்கா தொல்லை இல்ல" என்றாள் அத்தை.

காக்காய் இல்லையாம்! அந்தக் காக்காய்களை விரட்டத்தானே என்னைக் கையோடு கூட்டிப் போனாள்.

ஆட்டம் சூடு பிடித்துவிட்டால் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற பொம்பளை யார் என்று எவனுக்கு நினைவிருக்கும்? "அந்தோணி, இங்கன குடுலே!" "ஏலே அந்தோணி, பின்னால ஆள் வாரான்!" "அடிலே அந்தோணீ!" பொட்டல் முழுக்க இதே சத்தம்தான். அத்தை மீனைப் புரட்டுவதை விட்டுவிட்டு, கையைக் கன்னத்துக்குக் கொடுத்து உட்கார்ந்திருப்பாள். நம் கோல் எது, அவர்கள் கோல் எது என்று நானும் எத்தனையோ தரம் சொல்லிக்கொடுத்தேன். மண்டையில் ஏறவே இல்லை. ஆனாலும் எங்கள் அத்தைக்குப் பந்து என்றால் உயிர் என்று பள்ளிக்கூடத்தில் பீற்றிக்கொள்வேன். வேறு யார் வீட்டிலும் அப்படி ஒரு அத்தை கிடையாது.

பக்கத்து ஊரான மண்டபத்துக்காரர்கள் விளையாட வந்த அன்றுதான் எல்லாம் கெட்டது. ஆட்டம் முடியப்போகிற நேரம். எங்கள் கோலுக்கு முன்னால் பந்து மெதுவாக உருண்டு வந்தது. "அந்தோணி, நீ எடு!" என்று ஒரு அந்தோணி கத்தினான். வலது பக்கத்து அந்தோணி, இடது பக்கத்தவனைச் சொல்கிறான் என்று நின்றான். இடது பக்கத்து அந்தோணி, கோலில் நிற்பவனைச் சொல்கிறான் என்று நின்றான். கோலில் நின்ற அந்தோணி இவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றான். பந்து ஒருத்தருக்கும் தொந்தரவு கொடுக்காமல் உள்ளே போயிற்று. ஊரே தலையில் கைவைத்து "அந்தோணீ" என்று ஒரே குரலாக அலறியது. திரும்பிப் பார்த்தால், அத்தைக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"இந்தம்மா என்ன, மண்டபத்துக் கட்சியா?" என்று லைட்டு அந்தோணி என்னிடம் கேட்டார். எனக்கு மானமே போயிற்று.

அப்போது எங்கள் கோவிலுக்கு இளவயதில் ஒரு சாமியார் புதிதாக வந்திருந்தார். பந்து வாங்கித் தந்தவரும் அவர்தான், விசில் ஊதுகிறவரும் அவர்தான். தோற்ற ஆத்திரத்தில் துணியைக் கிழித்து நம்பர் எழுதி, ஆளுக்கொன்றாகச் சட்டை முதுகில் தைக்கச் சொல்லிவிட்டார். இனி நம்பரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், பேரைச் சொல்கிறவன் வெளியே போக வேண்டும். ஊருக்கே திருப்தி. அய்யாவுக்கு எல்லாரையும்விடத் திருப்தி. "இத முன்னமே செஞ்சிருக்கணும்" என்றார். அத்தை அங்கே போய் உட்காருவது அவருக்கு எப்போதும் உறுத்தல்தான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் தொடங்கியது. "ஏழு, இங்கன!" "ரெண்டு, விடாதலே!" அத்தை கொஞ்ச நேரம் எக்கி எக்கிப் பார்த்தாள்.

"என்னத்தா, இவுக வேற ஊர்க்காரவுகளா?"

"நம்ம ஆளுகதான் அத்தை. இனிமே பேரு சொல்லக்கூடாதாம், நம்பருதான்" என்று விளக்கமாகச் சொன்னேன்.

அத்தை எழுந்தாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே ஆட்டத்துக்குள் நடந்தாள். உருண்டு வந்த பந்தைக் குனிந்து எடுத்தாள். நட்ட நடுப் பொட்டலில் உட்கார்ந்து, பந்தை மடியில் வைத்துக்கொண்டாள். விளையாடியவர்கள் எல்லாம் அப்படியே நின்றார்கள். யாரோ அய்யாவைக் கூப்பிட ஓடினார்கள். சாமியார் விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு வந்தார்.

"என்னம்மா இது?"

"பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லுங்க சாமி. ஞானஸ்நானத்துல உங்கள மாதிரி சாமியாருகதான தண்ணி ஊத்தி வச்சாக? நம்பரு போட இதுக என்ன ரயில் பெட்டியா?"

அதற்குள் அய்யா கரையிலிருந்து மூச்சிரைக்க வந்துவிட்டார். "எந்திரிக்கா. ஊரு சிரிக்குது."

"சிரிச்சா சிரிக்கட்டும். வீட்லயும் சொல்ல மாட்டீக, தெருவுலயும் சொல்ல மாட்டீக. என் பிள்ளைக்குப் பேரே இல்லாமப் பண்ணிட்டீக. இங்கன ஒரு எடத்துலதான் காது குளிரக் கேக்குறேன். இதையும் அடைச்சுட்டா நான் எங்கன போவேன், சொல்லு?"

அய்யா திரும்பி நடந்து, பாய் ஓரத்தில் எனக்குப் பின்னால் வந்து நின்றார். பழைய கதை தெரிந்த கோவில் உபதேசியார் சாமியார் காதில் ஏதோ சொன்னார். சாமியாருக்கு முகம் சுண்டிப்போனது. "பேரச் சொல்லியே ஆடுங்கப்பா" என்றார். அத்தை பந்தைக் கொடுத்துவிட்டுப் பாய்க்குத் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். அத்தை சண்டையில் ஜெயித்துவிட்டாள் என்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை.

ஆட்டம் மறுபடி தொடங்கியது. ஆனால் ஒரு சத்தம் இல்லை. பேரும் இல்லை, நம்பரும் இல்லை. பந்தை உதைக்கிற சத்தமும் மூச்சு வாங்குகிற சத்தமும் மட்டும்தான். அத்தனை பேரும் அத்தை இருக்கிற பக்கம் ஒரு பார்வை பார்ப்பதும், திறந்த வாயை மூடிக்கொள்வதுமாக இருந்தார்கள். அத்தை காத்துக்கொண்டே இருந்தாள். பொட்டலைப் பார்த்துக்கொண்டிருந்தவள் மெல்லக் குனிந்து, கருவாட்டை எடுத்துக் கூடையில் போட ஆரம்பித்தாள். நேரமாகவில்லையே, ஏன் இப்பவே கிளம்புகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

அப்போதுதான் எனக்குப் பின்னால் நின்றிருந்த அய்யா கத்தினார். "ஏலே அந்தோணி!"

நான் திடுக்கிட்டுத் திரும்பினேன். அய்யா வாயிலிருந்து அந்தப் பேரை நான் அதுவரை கேட்டதே இல்லை. அத்தை கை கூடையிலேயே நின்றுவிட்டது.

"அந்தோணி! வாலே! கரைக்கு வாலே அந்தோணி!"

பந்து அந்த நேரம் சூசை என்கிற பையனின் காலில் இருந்தது. விளையாட்டில் கரை எங்கே வந்தது? பக்கத்தில் நிற்கிறவர்கள் கேட்டுச் சிரிக்கப்போகிறார்களே என்று எனக்கு ஒரே வெட்கம். அய்யாவின் வேட்டியைப் பிடித்து இழுத்தேன். "அய்யா, அது சூசை. அந்தோணி இல்ல."

"தெரியும்த்தா" என்றார் அய்யா. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அதே பேரைச் சொல்லிக் கத்தினார். அத்தை கூடையை விட்டுவிட்டு, முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே ஒருவன் "அந்தோணி, எனக்குக் குடுலே" என்றான். அப்புறம் எல்லாரும் கத்த ஆரம்பித்துவிட்டார்கள்.

எங்கள் அய்யாவுக்குப் பந்து விளையாட்டைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது என்று அந்த வருஷம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன்.