இடது இடுப்பு இறங்கிய கார்

பக்ரீத் வந்தால் ஆம்பூரில் தோல் குவியும். உப்புப் போட்டு அடுக்க இடம் வேண்டும். அதனால் தோல் வியாபாரியான என் தோஸ்தின் அத்தா கறாராகச் சொல்லிவிட்டார்: முதல் தோல் வண்டி வருவதற்குள் எங்கள் கார் தானாக ஓடி அவர் ஷெட்டை விட்டு வெளியேற வேண்டும், இல்லாவிட்டால் பழைய இரும்புக்குப் போகும்.

அது ஒரு காலத்தில் டாக்ஸி. துருப்பிடித்து உதிர்ந்த பின்பாதியை வெட்டிவிட்டு, ஃபைபரில் படகு போல ஒரு பின்பக்கம் கட்டுவதுதான் தோஸ்தின் கனவு. தூக்கத்தில்கூட அந்த வளைவைக் கையால் தடவுவானாம். எனக்கு வண்டி வயரிங் வேலை. மூன்றாமவன் ஷூ கம்பெனியில், கால் அச்சின்மேல் தோலை இழுத்துப் பொருத்துகிறவன். "ஆசை இருக்கு தாசில் பண்ண, அதிர்ஷ்டம் இருக்கு கழுதை மேய்க்க" என்று எங்களைக் கிண்டல் செய்வான். ஞாயிறு விடிந்ததும் முதலில் வந்து நிற்பவனும் அவன்தான்.

ஃபைபர் பூசுவதற்கு முன் மரச்சட்டம் அடித்து, அதன்மேல் வளைவு எடுக்க மற்ற ஊர்களில் எதையெதையோ வைப்பார்கள். எங்களுக்குத் தெரிந்தது தோல்.

"ஈரத்தோல இழுத்து அடிச்சா எந்த வளைவும் வரும் மச்சான். கால் வருது, கார் வராதா?" என்றான் ஷூக்காரன்.

இழுத்து அடித்தோம். சாயங்கால வெளிச்சத்தில் அந்த ஆட்டுத்தோல் மெல்ல மூச்சுவிடுவது போலிருந்தது. மூன்று பேர் மனசிலும் கார் எங்களை ஏற்றிக்கொண்டு எங்கோ போய்க்கொண்டிருந்தது.

அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள். தொட்டுப் பார்த்தோம், காய்ந்த மாதிரி இருந்தது. மேலே ஃபைபர் பாயை விரித்து ரெசின் பசையைப் பூசினோம். வெயில் பட்ட வலப்பக்கம் கல்லாக இறுகியது. சுவரோர நிழலில் இருந்த இடப்பக்கம் உள் ஈரத்தில் பிசுபிசுத்தே கிடந்தது. தோல் காயக் காயச் சுருங்கி, இறுகாத ஃபைபரையும் சேர்த்து இழுத்துக்கொண்டது. கடைசியில் அது இறுகியபோது, இடது இடுப்பு இறங்கி, சுருக்கம் விழுந்திருந்தது.

"ஒட்சிட்டு மறுபடி பண்ணலாமா?" என்றேன்.

தோஸ்த் வெகுநேரம் அந்தச் சுருக்கத்தையே தடவிக்கொண்டிருந்தான். "ஒட்சா பக்ரீத்துக்குள்ள முடியாதுடா. கோணலாவே போவட்டும்."

பெருநாள் தொழுகை முடிந்து நாங்கள் ஷெட்டுக்குப் போனபோது, தோல் ஏற்றிய முதல் டெம்போ கேட்டை அடைத்து நின்றிருந்தது. அத்தா அத்தர் மணக்க அதன் பக்கத்தில் நின்றிருந்தார். தோஸ்த் யாரையும் பார்க்காமல் சாவியைத் திருப்பினான். இருமி இருமி எஞ்சின் பிடித்தது. கார் மெதுவாக ஊர்ந்து கேட்டருகே வந்து நின்றது. அத்தா நெருங்கி வந்து, தோலுக்குத் தரம் பார்க்கிற அதே கையால் இடது இடுப்பைத் தடவினார்.

"இன்னாடா இது, இங்க இழுத்துக்கினு இருக்கு. செகண்ட்ஸ், ரெண்டாந்தரம்."

தோஸ்தின் கை ஸ்டீயரிங்கில் அப்படியே இருந்தது. அத்தா டெம்போக்காரர் பக்கம் திரும்பினார்.

"வண்டிய பின்னால எடுப்பா. பசங்க கார் வெளிய போவணும்."