டொரான்டோவிலிருந்து ராயபுரத்துக்கு

டொரான்டோவில் நர்ஸாக இருக்கும் என் தங்கைக்கு போன் செய்தேன். "ஆஸ்பத்திரில அம்மாவ வூட்டுக்கே இட்டுனு போவச் சொல்லிட்டாங்க. உடனே கெளம்பி வா."

அன்றைக்கே டிக்கெட் போட்டுவிட்டாள். பதிமூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் தூரம். நடுவில் வளைகுடாவில் இறங்கி விமானம் மாறவேண்டும். எப்படிப் பார்த்தாலும் ஒரு நாள் ஓடிவிடும். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற நைனா திரும்பத் திரும்பக் கேட்டார்: "நேரா வர்ற பிளேனே இல்லியா?"

அவள் ஏறியபோது அங்கே காலை; ராயபுரத்தில் சாயங்காலம். சீட்டில் உட்கார்ந்து அவள் அனுப்பிய குரல் பதிவை அம்மாவின் காதருகே வைத்தேன். "அம்மா, வந்துகினே கீறேன்மா." இமை லேசாக அசைந்தது. அதன்பிறகு அம்மா அதிக நேரம் இருக்கவில்லை. நைனா ஸ்பூனில் ஊட்டிய தண்ணீர் உதட்டோரம் வழிந்தது. துண்டால் துடைத்துவிட்டு மறுபடி ஊட்டப் போனார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"பிளேன் மாறுற எடத்துல அதுகிட்ட சொல்லிடாதே," என்றார் நைனா. "தெரியாத ஊர்ல தனியா குந்திகினு அழும். மிச்ச தூரம் எப்புடி வரும்?"

சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் போன் செய்து, வாட்ஸ்அப்பில் யாரும் எதுவும் போடவேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். மாலை போட்ட படத்தை ஸ்டேட்டஸில் வைத்திருந்த அத்தை, அழுதுகொண்டே எடுத்துவிட்டார்.

காலையில் விமானம் மாறும் இடத்திலிருந்து தங்கை கூப்பிட்டாள். உள்ளே பெண்கள் ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டுவிடுமோ என்று மொட்டைமாடிக்கு ஓடினேன்.

"அம்மா கண்ணு முழிச்சாங்களாண்ணா?"

"தூங்கினு கீறாங்க. நீ பத்திரமா வா."

"எழுப்பாதே. நான் வந்து பேசிக்கறேன்."

விமான நிலையத்துக்கு நைனாவும் கிளம்பினார். வேண்டாம் என்று எல்லாரும் சொல்லியும் கேட்கவில்லை. கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே கார் ஊர்ந்தது.

தள்ளுவண்டியோடு வெளியே வந்த தங்கை என்னைப் பார்த்துக் கையை உயர்த்தினாள். பின்னால் நின்ற நைனாவைப் பார்த்ததும் கை அப்படியே நின்றது. மாதக்கணக்காக அம்மாவின் கட்டிலை விட்டு நகராதவர் அவர்.

"நீ ஏன் நைனா வந்த? அம்மாகூட யாரு கீறாங்க?"

அவர் அவள் தலையைத் தன் தோளோடு சேர்த்துக்கொண்டார். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பெட்டிகளோடு வந்தவர்கள் எங்களைச் சுற்றிப் போனார்கள்.

காரில் வெகுதூரம் வந்தபிறகுதான் கேட்டாள். "எப்போண்ணா?"

"நீ ஏறின கொஞ்ச நேரத்துல."

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அதுக்கப்புறம் நான் சாப்ட்டேன். ஒரு படம் பார்த்தேன். காமெடிப் படம். சிரிச்சேன்."

"சிரிச்சா இன்னாம்மா," என்றார் நைனா. "ஒனக்குத் தெரியாதே."

வீட்டில் கண்ணாடிப் பெட்டியைத் திறக்கச் சொன்னாள். சில்லிட்டிருந்த அம்மாவின் கூந்தலைப் பிரித்து, நிதானமாகச் சீவி, பின்னிவிட்டாள். அதுவரை அழாமல் இருந்த நைனா, அதைப் பார்த்து வாய்விட்டு அழுதார்.